சாப்பிட்டால் போதுமா, சேர வேண்டாமா?

மனிதர்களில் சாப்பிடுகிறவர்கள் உண்டு, சாப்பிடச் சொல்லி உயிரை வாங்குகிறவர்கள் உண்டு, சாப்பிடாதே என்று கையைத் தட்டிவிடுகிறவர்களும் உண்டு. இவர்களையெல்லாம் எப்படியாவது சமாளித்துவிடலாம். இன்னொரு ரகம் இருக்கிறது. அதனிடம்தான் நீங்கள் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். நீங்கள் கல்லைத் தின்றாலும் அந்த மனிதருக்கு ஆட்சேபணை கிடையாது. கல்லை எதோடு தின்றீர்கள் என்றுதான் கேட்பார். வெறும் கல்லா? கூட வெண்ணெய் கிண்ணெய் எதுவும் இல்லையா? அடடா, அப்படியானால் உடம்பில் சேராதே! இப்படிச் சொல்லிவிட்டு உங்கள் தட்டை ஒரு பார்வை பார்ப்பார் பாருங்கள், சாவு வீட்டில்கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். இவருக்குச் சேர்மானக்காரர் என்று பெயர்.

சேர்மானக்காரர் உலகத்தில் எல்லா இடத்திலும் இருக்கிறார் என்றாலும், அவர் கொழுகொழுவென்று வளர்வது எங்கள் கொலராடோ மலைகளுக்கு மேற்கேதான். காரணம், சிபிடி. கஞ்சாச் செடியின் குடும்பத்தில் பிறந்தும் போதை ஏற்றத் தெரியாத சாதுப் பிள்ளை அது. வலிக்கு நல்லது, தூக்கத்துக்கு நல்லது என்று எங்கள் பள்ளத்தாக்கில் பாதி ஜனம் நம்புகிறது. மீதி ஜனம் அதைப் பயிரிடுகிறது. தேனில் சிபிடி, காபியில் சிபிடி, ஜெல்லி மிட்டாயில் சிபிடி, நாய் பிஸ்கட்டிலும் சிபிடி. பெட்ரோல் பங்கில் சில்லறை கொடுக்கும் இடத்தில்கூட ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். வாங்கினோமா, வாயில் போட்டோமா, விழுங்கினோமா, வேலை முடிந்தது என்று நினைப்பது நம்மைப் போன்ற பாமரர்கள்.

ஆனால் சிபிடிக்குத் தண்ணீரைக் கண்டால் ஆகாது, கொழுப்போடுதான் கலக்கும். கூடக் கொஞ்சம் கொழுப்பு சாப்பிடாமல் விழுங்கினால் பெரும்பகுதி உடம்புக்குக் கிடைக்காமலே போய்விடும். விஷயம் இவ்வளவுதான். ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். சேர்மானக்காரர் இதைச் சொல்ல ஒரு முழுச் சாயங்காலம் எடுத்துக்கொள்வார்.

எங்கள் ஊர்ச் சேர்மானக்காரரின் பெயர் ஆரின் டிட்வெல். ஆயுள் முழுக்க வாய்க்கால் மதகுகளைத் திறந்து மூடுகிற வேலை பார்த்தவர். மலையிலிருந்து எவ்வளவு தண்ணீர் விட்டார்கள் என்பது முக்கியமில்லை, கடைசி வயலுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்பதுதான் முக்கியம் என்று ஊரில் எல்லாப் பழத்தோட்டக்காரர்களோடும் சண்டை போட்டு, நரைத்து, ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தார். வந்த மனிதர் சும்மா இருந்தாரா? மதகு போனால் என்ன, மனிதர்களுக்குக் குடல் இருக்கிறதே! ஆளாளுக்கு ஒரு வாய்க்கால்! அன்றைக்குப் பிடித்தது சனி.

சனிக்கிழமைச் சந்தையில் அவரைப் பார்க்க வேண்டும். சட்டைப் பையில் ஒரு அவகாடோ, இன்னொரு பையில் தேங்காய் எண்ணெய்ச் சிமிழ், காற்சட்டைப் பையில் முந்திரி. தேன் கடை அம்மாள் சிபிடி கலந்த தேனை ஒரு வாடிக்கையாளரிடம் நீட்டிக்கொண்டிருப்பார். நடுவில் ஆரினின் தலை நுழையும். "தேன்ல கொழுப்பு எங்கம்மா இருக்கு? இது நாக்குக்கு இனிக்கும், அவ்வளவுதான். உள்ள போய் யாரையும் பார்க்காம வெளிய வந்துரும்." வாடிக்கையாளர் தேனை வைத்துவிட்டுப் போய்விடுவார். ஜெல்லி மிட்டாய்க் கடையில் அதே கதை. நீங்கள் தப்பித்தவறி, "அப்போ எப்படித்தாங்க சாப்பிடறது?" என்று கேட்டுவிட்டால் தீர்ந்தது. சிபிடி கலந்த சொட்டு எண்ணெயை எடுத்து உங்கள் நாக்குக்கு அடியில் விட்டு, "முழுங்காத, வாயைத் திறக்காத, அப்படியே வெச்சிரு" என்பார். நீங்கள் வாயை மூடி நிற்பீர்கள். அவர் ஆரம்பிப்பார். எதிர்ப்பேச்சே இல்லாத சபை அவருக்கு இப்படித்தான் கிடைக்கிறது.

ஊர் தப்பித்து ஓடலாம். கட்டிய பெண்டாட்டி எங்கே ஓடுவது?

வில்லா அம்மணி கடைத்தெருவில் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்கக் கத்தரி பிடித்துப் பிடித்துக் கட்டைவிரல் இரண்டும் விண்விண்ணென்று வலிக்கும். மாலையில் கடையைப் பூட்டி வீட்டுக்கு வந்ததும் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு, சிபிடி சாக்லேட்டில் ஒரே ஒரு துண்டு உடைத்து வாயில் போட்டுக்கொள்வார். கடிக்க மாட்டார். அது பாட்டுக்குக் கரையும். எதிரே மலையில் வெயில் இறங்கும். ஊர்ப் பெண்களின் புருஷன் கதைகளையெல்லாம் காலையிலிருந்து கேட்டு நிரம்பிய காதுகளுக்கு அந்த நேரம்தான் ஓய்வு. கட்டைவிரல் வலி குறைந்ததா என்றால், குறைந்த மாதிரியும் இருந்தது, குறையாத மாதிரியும் இருந்தது. அதற்காகவா அந்த அம்மாள் சாப்பிட்டார்?

ஆரினுக்கு இது பொறுக்கவில்லை. தப்பாக நினைக்காதீர்கள், மனிதருக்குப் பெண்டாட்டி மேல் கொள்ளைப் பிரியம். அவள் விரலை நீவிவிட்டுக்கொள்வதைப் பார்க்கும்போதெல்லாம் இவர் சமையலறைக்கும் படிக்கும் நடையாய் நடப்பார். இத்தனை நல்ல சரக்கு அவள் உடம்பில் சேராமல் வீணாகிறதே என்று தூக்கம் வராது.

"சாக்லேட்லயே கொழுப்பு இருக்கே ஆரின்!" என்று வில்லா வாதாடிப் பார்த்தார்.

"இருக்கு. போதாது."

போதாததற்கு ஆரின் ஒரு வழி கண்டுபிடித்தார். அந்தச் சாக்லேட்டை உருக்கி, இரண்டு கரண்டி தேங்காய் எண்ணெய் விட்டு, ஒரு முட்டை மஞ்சள் கருவை அடித்து ஊற்றி, எண்ணெயும் நீரும் பிரியாமலிருக்க லெசித்தின் என்று ஏதோ ஒரு பொடியைத் தூவி, மின்மத்தால் கடைந்து, கோப்பையில் ஊற்றிக் கொல்லைப்படிக்கே கொண்டுவந்து நீட்டினார். ஊத்தைப் பழுப்பு நிறம். மேலே நுரை. நீட்டியதோடு விட்டாரா? பக்கத்திலேயே உட்கார்ந்து, "உள்ள இறங்குதா? இறங்குதா?" என்று முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குளிர்காலம் முழுக்க இது நடந்தது. வசந்தமும் போயிற்று. கட்டைவிரல் அப்படியேதான் வலித்தது. பாவாடைதான் இடுப்பில் ஏறவில்லை.

ஒரு நாள் வில்லா கோப்பையை வாங்கிப் படியில் வைத்தார். குடிக்கவில்லை.

"ஆரின், ஒரு பந்தயம் வெச்சுக்கலாமா?"

"என்ன பந்தயம்?"

"சனிக்கிழமை நம்ம வீட்ல விருந்து. ராஸ்கோவும் பெர்னிஸும் வர்றாங்க. அவங்க உக்காந்ததுலேர்ந்து எந்திரிக்கிற வரைக்கும் நீ இந்தச் சேர்றது, சேராதது பத்தி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசலைன்னா நீ ஜெயிச்ச. சாகற வரைக்கும் இந்தச் சேத்தை மூச்சு விடாம குடிக்கறேன். ஒரு வார்த்தை வாய்தவறி வந்துச்சுன்னாலும் நான் ஜெயிச்சேன். என் சாக்லேட் என்னோடது. நீ இந்தப் படிப்பக்கமே வரக் கூடாது."

"இவ்வளவுதானா?" என்று சிரித்தார் ஆரின். "வாய்க்கால் சங்கக் கூட்டத்துல எத்தனையோ வருஷம் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருக்கேன். ஒரு வேளைச் சோத்துக்கு மாட்டேனா?"

சனிக்கிழமை வந்தது. கொல்லைப்புற மரத்தடியில் மேஜை போட்டார்கள். எங்கள் ஊர் வழக்கப்படி விருந்து என்றால் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் முன்னால் அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஓர் அட்டையும் வைக்க வேண்டும். யாருக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று சொல்ல முடியாத ஊர் இது. ஆடு வளர்க்கிற ராஸ்கோ வாட்டிய பச்சைமிளகாயும் சோளக்கதிரும் கொண்டுவந்தார். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்ற பெர்னிஸ் ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கொண்டுவந்து நடுமேஜையில் வைத்து, பெருமையோடு அட்டையை நிமிர்த்தினார். வெள்ளரிக்காய் சாலட். சிபிடி கலந்தது. அதற்குக் கீழே கொட்டை எழுத்தில்: எண்ணெய் அறவே இல்லை.

ஆரின் அந்த அட்டையைப் படித்தார். திரும்பவும் படித்தார். காது மடல் சிவந்தது.

"வினிகர்லயே சிபிடியைக் கலக்கிட்டேன்," என்றார் பெர்னிஸ். "துளி எண்ணெய் கிடையாது. எடுத்துக்கோ ஆரின், உடம்புக்கு ரொம்ப லேசா இருக்கும்."

வினிகரிலா! எண்ணெயில் கரைகிற வஸ்துவை வினிகரில் கலக்கி, அதைத் தண்ணீர்க் காயான வெள்ளரிக்காய் மேல் ஊற்றி! ஆரினின் தொண்டைவரை ஒரு பிரசங்கமே வந்து முட்டியது. மேஜைக்கு அந்தப் பக்கத்தில் வில்லா கைகட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளரிக்கா பிஞ்சா இருக்கு," என்றார் ஆரின்.

"அவ்வளவுதானா?"

"உப்பும் சரியா இருக்கு."

பெர்னிஸுக்கு முகம் விழுந்துவிட்டது. ஒரு சண்டையை எதிர்பார்த்து, அதற்குப் பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு வந்திருந்தார் போலிருக்கிறது.

அடுத்தது ராஸ்கோ. அவர் முழங்கால்வலிக்காரர். "நான் என்ன பண்றேன் தெரியுமா?" என்று மிளகாயைக் கடித்தபடி ஆரம்பித்தார். "காலங்காத்தால, பல்லு விளக்கின உடனே, வெறும் வயித்துல ரெண்டு சிபிடி மிட்டாய். மேல பால் விடாத காபி ஒரு கோப்பை. வயிறு காலியா இருக்குல்ல? வழியில தடுக்க ஆளே இல்ல. நேரா ரத்தத்துல போய் நிக்கும். என்ன ஆரின், நான் சொல்றது சரிதானே?"

நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா? பசித்தவன் முன்னால் பந்தி போட்டுவிட்டுக் கையைக் கட்டிவிட்டால் அவன் என்ன செய்வான்? ஆரின் ஒரு சோளக்கதிரை எடுத்துக் குறுக்காக வாயில் கொடுத்துக்கொண்டார். கதிர் முடிந்ததும் இன்னொன்று. அதுவும் முடிந்தது. எழுந்து அடுப்புப் பக்கம் போய், எரிகிற கரியை அநியாயத்துக்குக் கிளறினார். அங்கே படுத்திருந்த நாயிடம், "வெறும் வயித்துலயாம்," என்று முணுமுணுக்க வாயெடுத்தவர், வில்லா தலையைத் திருப்புவதைப் பார்த்துவிட்டு நாயின் தலையை மட்டும் தடவிக்கொடுத்துத் திரும்பி வந்தார்.

"யோவ், உனக்கு என்னய்யா ஆச்சு?" என்றார் ராஸ்கோ. "நான் தப்பா எதுனா சொல்லிட்டேனா?"

"இல்லப்பா. பீச் பழம் இந்த வருஷம் நல்லா பழுத்திருக்கு, இல்ல?"

ராஸ்கோவும் பெர்னிஸும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெர்னிஸ் எழுந்து வந்து ஆரினின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்ல. ஆனா மனுஷன் சரியா இல்ல வில்லா. டாக்டர்கிட்ட காட்டினியா?"

"நல்லாத்தான் இருக்காரு. கொஞ்சம் அமைதியா இருக்காரு, அவ்வளவுதான்," என்றார் வில்லா.

"அதைத்தான் சொல்றேன். அமைதியா இருக்காரே!"

இத்தனை நாள் அவர் வாயைத் திறந்தால் பாத்ரூம் போகிற சாக்கில் எழுந்து ஓடியவர்கள் இவர்கள்தான். இன்றைக்கு அவர் பேசாததற்குத் தவித்தார்கள். ராஸ்கோவுக்குக் கோபமே வந்துவிட்டது. "போன வாரம் அவன் என் ஆட்டுக்குச் சொன்ன விலையைக் கேட்டுச் சிரிச்சேன்னு மனசுல வெச்சிருக்கான்," என்று பெர்னிஸிடம் கிசுகிசுத்தார். ஆட்டுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆரினுக்கு அவரைக் கட்டிப்பிடித்து, முட்டை, வெண்ணெய், வருவதை வழியிலேயே பிடித்து அழித்துவிடுகிற கல்லீரல் என்று எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லி அழலாம் போலிருந்தது. அழவில்லை. வில்லாவின் கட்டைவிரலை நினைத்துக்கொண்டார். இன்னும் கொஞ்ச நேரம். இதைத் தாண்டிவிட்டால் அவள் ஆயுசுக்கும் ஒழுங்காகக் குடிப்பாள், விரலும் சரியாகிவிடும்.

வில்லா பீச் பழம் அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் கொண்டுவந்தார். சாப்பிட்டார்கள். பெர்னிஸ் தன் கிண்ணத்தைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். ராஸ்கோ வாயைத் துடைத்து, தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டுவிட்டார். எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி. ஆரினின் முகத்தில் வெற்றிக் களை வந்து உட்கார்ந்தது. தேங்காய் எண்ணெய் வீட்டில் இருக்கிறதா, வாங்க வேண்டுமா என்றுகூட யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

அப்போது வில்லா, தட்டுகளை அடுக்கியபடி, யாரையும் பார்க்காமல், பச்சைப் பிள்ளை மாதிரி சொன்னார்:

"ராஸ்கோ, நீ வெறும் வயித்துல சாப்பிடறது தப்புப்பா. முட்டை, வெண்ணெய் எதோடயாவது சாப்பிடணும். கொழுப்போட சாப்பிட்டா ரெண்டு மடங்கு உடம்புல சேரும். நானா சொல்லல. நம்ம ஆரின் எப்பவும் சொல்றதுதான். ரெண்டு மடங்கு."

ரெண்டா?

ஆரினுக்குத் தலை சுற்றியது. ரெண்டு என்று யார் சொன்னது? அவர் தன் ஆயுளில் ரெண்டு என்று சொன்னதே கிடையாதே! பெர்னிஸின் வினிகரைப் பொறுத்தாயிற்று, ராஸ்கோவின் காபியைப் பொறுத்தாயிற்று. அதெல்லாம் அவரவர் அறியாமை, அவரவரோடு போகும். இது அப்படியா? இவருடைய பாடம். இவர் பெயரைப் போட்டு, பாதியாக்கி, இரண்டு பேர் முன்னால் வைக்கிறார்கள். பெர்னிஸ் நாளைக்குத் தேவாலய வாசலில் சொல்வார், ஆரின் ரெண்டு மடங்குன்னு சொன்னாராம் என்று. ராஸ்கோ தீவனக் கடையில் சொல்வார். பள்ளத்தாக்கு முழுக்க, வாய்க்கால் பாய்கிற இடமெல்லாம், ரெண்டு! ராஸ்கோவின் ஒரு கை மேஜையில் ஊன்றியிருந்தது, எழுந்திருப்பதற்காக. இன்னும் ஒரு நொடி, ஒரே நொடி வாயை மூடிக்கொண்டிருந்தால்...

"நாலு!" என்று கத்தினார் ஆரின்.

மரத்தில் இருந்த குருவிகள் பறந்தன.

"நாலு மடங்கு! ரெண்டு இல்ல! நான் எப்போ ரெண்டுன்னு சொன்னேன்? அதுவும் சும்மா வராது, நல்ல கொழுப்புச் சாப்பாடா இருக்கணும், ஓரமா ஒட்டின வெண்ணெய் போதாது. பெர்னிஸ், வினிகர்ல எவனாவது சிபிடியைக் கரைப்பானா? அது கரையவே கரையாது, கிண்ணத்து ஓரத்துலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்! யோவ் ராஸ்கோ, வழியில தடுக்க ஆள் இல்லையா? கல்லீரல் யாரு, உன் மாமனா?"

முட்கரண்டியை ஆட்டிக்கொண்டு, நின்றுகொண்டு, அன்றைய தினம் முழுக்க அடைத்துவைத்த அத்தனையையும் மதகைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டினார். ராஸ்கோ தொப்பியைக் கழற்றிவிட்டுத் திரும்ப உட்கார்ந்தார். "அப்பாடா," என்றார் பெர்னிஸிடம். "ஆளு நல்லாத்தான் இருக்கான்." பெர்னிஸ், "வினிகர்ல கரையாதுன்னு எவன் சொன்னது?" என்று கிண்ணத்தைத் திரும்ப மேஜையில் வைத்துச் சண்டைக்கு இறங்கினார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம்.

ஆரின் பேசிக்கொண்டே திரும்பியபோதுதான் வில்லாவின் நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தார்.

வில்லா கொல்லைப்படியில் உட்கார்ந்திருந்தார். செருப்புகள் புல்லில் கிடந்தன. கையில் சாக்லேட். ஒரு துண்டு உடைத்து, ஆரினைப் பார்த்துக்கொண்டே, வாயில் போட்டுக்கொண்டார். எண்ணெய் இல்லை, முட்டை இல்லை, ஒன்றுமில்லை.

"வில்லா, கண்ணு, அதோட ரெண்டே ரெண்டு முந்திரி மட்டும்..." என்று ஆரம்பித்தார் ஆரின்.

வில்லா ஒரு விரலை உயர்த்தினார். வலிக்கிற கட்டைவிரலை அல்ல; ஆள்காட்டி விரலை. பந்தயம் பந்தயம்தான்.

ஆரின் வாயை மூடிக்கொண்டார். அவள் கண்ணை மூடிக்கொண்டு மலைப்பக்கம் திரும்பினாள். முகம் அப்படியே இளகி, தோள் இறங்கி, கால்விரல்களை நீட்டி மடக்கினாள். குளிர்காலத்திலிருந்து அவர் இந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. பார்க்கவில்லை என்பதுகூட இப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. நான்தானே கெடுத்தேன் என்று வெட்கமாக இருந்தது. படிப்பக்கம் போகக் கூடாது என்பதால் நின்ற இடத்திலேயே நின்று, அவள் தின்பதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு மெல்லக் குனிந்து ராஸ்கோவின் காதில் சொன்னார்: "கவனிச்சியா? கடிக்காம கரைய விடறா. வாயிலயே கொஞ்சம் சேர்ந்துரும். அதுவும் ஒரு வழிதான்."

திருந்துகிற ஜாதியா இது?

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நல்லவேளை நமக்கு இந்தச் சிபிடி வம்பெல்லாம் கிடையாது என்று ஆறுதல் பட்டுக்கொள்கிறீர்கள். சாப்பாட்டோடு டீ குடித்த மருமகனிடம், "இரும்புச்சத்து சேராதே மாப்பிள்ளை," என்று போன தீபாவளிக்குச் சொன்னது யார்? ஜலதோஷத்தோடு மஞ்சள் பாலை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தவள் கையிலிருந்து தம்ளரைப் பிடுங்கி, மிளகு போடாமல் குடித்தால் வீண் என்று திருப்பி அடுப்படிக்குக் கொண்டுபோனது யார்? அது அக்கறை, இது வேறு என்கிறீர்களா? ஆரினும் அதைத்தான் சொல்கிறார். சரி, பழசெல்லாம் போகட்டும். இந்தக் கதையில் அந்த மனிதர் 'நாலு மடங்கு' என்று கத்தினாரே, அது நிஜமாகவே நாலுதானா, மூன்றரையா, எந்தச் சாப்பாட்டோடு, எந்த ஆராய்ச்சியில் என்று தேடிப் பார்க்க உங்கள் கை இந்நேரம் கைபேசிக்குப் போயிருக்கிறதா இல்லையா? போயிருந்தால், கல்யாணப் பந்தியில் உங்களுக்குப் பக்கத்து இலைக்கு மட்டும் ஏன் எப்போதும் கடைசியில்தான் ஆள் வருகிறது என்று இனிமேல் யாரையும் கேட்டுக்கொண்டிருக்காதீர்கள்.